ஏரோப்பிளேன் திருப்பும் வித்தை

ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் ஆயுளில் ஒரு காரியமாவது மனைவியைக் கேட்காமல் செய்ய வேண்டும் என்று ஒருநாள் காலையில் தீர்மானம் செய்தேன். மத்தியானத்துக்குள் செய்தும் விட்டேன். எங்கள் தெற்குக் காட்டை ஏரோப்பிளேன் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டேன்.

எழுதிக் கொடுத்துவிட்டேனோ என்று பயப்படாதீர்கள். அவ்வளவு தைரியம் எனக்கு ஏது? சில நாள் இரவல், அவ்வளவுதான். எருமப்பட்டிக்குக் கிழக்கே கடலைக்காய் பிடுங்கி முடித்த புன்செய் நிலம் அது. மேடு பள்ளம் இல்லாமல் மெழுகின வாசல் மாதிரி கிடக்கும். ஊர் ஊராகப் போய், ஆசைப்பட்டவர்களை ஆகாயத்தில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுகிற கம்பெனி ஒன்று சேலத்தில் வேலையை முடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது. அதன் ஆள் மோட்டாரில் வந்து இறங்கினார். பூட்ஸ் காலால் காட்டை இரண்டு உதை உதைத்தார். காடு ஒன்றும் சொல்லவில்லை.

"பேஷ்! இதைவிட நல்ல இடம் கிடைக்காது" என்றார். "கவுண்டரே, கம்பெனி வாடகை தருவதில்லை. அதற்குப் பதிலாக உங்கள் வீட்டுக்கு இனாமாக ஒரு ஓட்டம் உண்டு."

ஒரு ஓட்டம்! நாச்சிமுத்துவாகிய நான் ஆகாயத்தில்! கொல்லிமலை எனக்குக் கீழே! அதைவிட முக்கியம், என் பங்காளி கந்தப்பன் எனக்குக் கீழே! கந்தப்பனுக்கும் எனக்கும் வேலி ஒன்று, சண்டை பல. அவன் தலைக்கு மேலே ஒரு தடவையாவது நான் போய்விட வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. அதற்கு ஆகாயத்தைவிட நல்ல இடம் எது? உடனே தலையாட்டிவிட்டேன்.

இனி வீட்டில் சொல்ல வேண்டும்.

என் மனைவி சென்னியம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் சத்தம் போடுகிறவள் அல்ல. சத்தம் போட்டால் நாமும் பதிலுக்குச் சத்தம் போட்டு ஒருமாதிரி சமாளிக்கலாம். அவள் "சரிங்க" என்பாள். அந்த "சரிங்க"வில் நூறு தினுசு உண்டு. அதில் ஒன்று ரெண்டுதான் சரி என்று அர்த்தம்.

நான் போனபோது அவள் வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, தெக்காட்டுல மோட்டார் வந்து நின்னுச்சாமே?"

"ஆமா. ஏரோப்பிளேன் கம்பெனிக்காரங்க. காட்டைக் கேட்டாங்க. குடுத்துப்போட்டேன்."

"சரிங்க."

"சரியா?"

"குடுத்துப்போட்டீங்கள்ல. அப்பறம் என்னங்க? வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தக் காட்டுல பட்டி போடறதுக்கு ராசிபுரத்து ஆட்டுக்காரருக்கு வெத்தலை பாக்குக் குடுத்திருக்கறனுங்க. அவர் வந்தா நீங்களே பதில் சொல்லிப்போடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. செம்மறி ஆட்டுக் கூட்டத்தை ராத்திரியில் காட்டுக்குள் அடைத்து வைத்தால், காலையில் எரு காடு முழுக்கப் பரவிக் கிடக்கும். அதற்கு எங்கள் பக்கத்தில் அவ்வளவு போட்டி. வெற்றிலை பாக்குக் கொடுத்த பிறகு வேண்டாம் என்றால் அடுத்த வருஷம் ஆடு கந்தப்பன் காட்டில் அடையும்.

"மேக்காட்டுல அடைச்சுக்கலாமே."

"மேக்காட்டுல சோளம் நிக்குதுங்க. ஆடு அதத் திங்காம ஆகாயத்தப் பாத்துக்கிட்டு இருக்குமுங்களா?"

"அப்ப என்ன பண்றது?"

"ஏரோப்பிளேன் ராத்திரியில பறக்குமுங்களா?"

"பறக்காது."

"ஆடு பகல்ல அடையுமுங்களா?"

"அடையாது."

"அப்பறம் என்னங்க? பகல்ல அது. ராத்திரியில இது."

இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் நான் அடுத்த காலை எடுத்து வைத்தேன். அங்கேதான் தப்பு.

"நம்ம ஊட்டுக்கு ஒரு ஓட்டம் இனாம்ங்கறாங்க. நான் ஏறிப் பாக்கலாம்னு இருக்கறேன்."

கடலைக்காய் உடைப்பது நின்றது.

"வேண்டாமுங்க."

"ஏன்?"

"போன மாசம் ஓடு மாத்தறேன்னு கூரை மேல ஏறுனீங்க. எறங்கத் தெரியாம பொழுது சாயற வரைக்கும் அங்கயே குந்தியிருந்தது யாருங்க?"

"ஏணி வழுக்கிப் போச்சு."

"ஆகாயத்துல ஏணியே இல்லீங்களே."

மறுபடியும் கடலைக்காய் உடைபட ஆரம்பித்தது. பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏரோப்பிளேன் வந்தது. முதலில் சத்தம் வந்தது. பிறகு கொல்லிமலைப் பக்கமிருந்து சிவப்பாக ஒரு பொட்டு வந்தது. பொட்டுக்கு இறக்கை முளைத்தது. மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு அடுக்கு இறக்கை. ஊரே தெற்குக் காட்டில் நின்றது. வெண்ணந்தூரிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அது எங்கள் தலைக்கு மேலே வந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வட்டம் போட்டுத் திரும்பி, குதித்துக் குதித்து இறங்கியது. காளைகள் நாலு பக்கமும் பிய்த்துக்கொண்டு ஓடின.

அது எப்படித் திரும்பியது என்பதில் எனக்கும் கந்தப்பனுக்கும் உடனே சண்டை வந்துவிட்டது.

"பங்காளி, வாலைப் பாத்தயா? காவேரியில பரிசல்காரன் துடுப்பு போடற மாதிரிதான். வாலைத் திருப்புனா திரும்பிப்போகும்" என்றான் கந்தப்பன். அவன் ஒரு தடவை மோகனூரில் பரிசலில் போனவன். அன்று முதல் தண்ணீரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் அவன்தான் அத்தாரிட்டி. இன்றைக்கு ஆகாயத்துக்கும் கிளம்பிவிட்டான்.

"வாலைப் புடிச்சு எந்த மாட்டையாவது திருப்பியிருக்கறயா?" என்றேன். "மூக்குலதான் இருக்குது சூட்சுமம். மூக்கணாங்கயிறு மாதிரி உள்ளுக்குள்ள ஒரு கயிறு ஓடும். அதை இழுத்தா மூக்கு திரும்பும். மூக்கு திரும்புனா முழுசும் திரும்பும்."

ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கடைசியில் ஏரோப்பிளேனுடன் வந்த மெக்கானிக்கையே மத்தியஸ்தத்துக்கு இழுத்தோம். அவன் பெயர் தீர்த்தகிரி. தர்மபுரிப் பக்கத்துப் பையன். மெட்ராஸில் வேலை கற்றவன். வாய் ஓயாமல் பேசுகிறவன்.

"ரெண்டு பேரும் தப்பு" என்றான் அவன். எனக்கு வருத்தமில்லை. கந்தப்பனும் தப்புத்தானே.

கடலைக்காய் புடைத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடமிருந்து முறத்தை வாங்கினான். அதை மட்டமாகப் பிடித்தான்.

"இதுதான் இறக்கைன்னு வெச்சுக்குங்க. முன்னால வேகமாப் போறப்ப காத்து இதை அடியிலிருந்து தாங்குது. மட்டமா இருந்தா நேரா மேலே தூக்கும். சரியா? இப்ப இதைச் சாய்க்கிறேன். அதே காத்துதான். ஆனா பாதி மேலே தூக்கும், பாதி பக்கவாட்டுல தள்ளும். எந்தப் பக்கம் சாஞ்சிருக்கோ அந்தப் பக்கம் தள்ளும். அதான் திருப்பம்."

"யாரு சாய்க்கறது?" என்றேன்.

"ஏரோப்பிளேன் ஓட்டற துரை கையில ஒரு குச்சி இருக்கு. இடது பக்கம் போகணும்னா குச்சியை இடது பக்கம் சாய்ப்பாரு. அந்தா, இறக்கையோட பின் ஓரத்துல சின்னப் பலகை தெரியுது பாருங்க. இடது பலகை மேலே தூக்கும், வலது பலகை கீழே தொங்கும். உடனே இடது இறக்கை தாழும், வலது இறக்கை உசரும். சாஞ்சாச்சு. மூக்கைப் பிடிச்சு இழுத்தா இது வராது, கவுண்டரே. எந்தப் பக்கம் திருப்பணுமோ அந்தப் பக்கம் முதல்ல சாஞ்சு கொடுக்கணும். ஆனா..."

அதற்குள் பைலட் துரை விசில் அடித்தார். "இருங்க, வந்து மிச்சத்தைச் சொல்றேன்" என்று தீர்த்தகிரி ஓடினான். மிச்சத்துக்கு யார் காத்திருந்தார்கள்? என் மூளைக்குள்ளே அந்தச் சிவப்பு ஏரோப்பிளேன் ஏற்கெனவே பறக்க ஆரம்பித்துவிட்டது.

கல்யாணமான நாளிலிருந்து நான் சென்னியம்மாளை மூக்கைப் பிடித்தல்லவா இழுத்துக்கொண்டிருக்கிறேன்! கிழக்கே போகலாம் என்றால் கிழக்கே இழுத்தேன். அவள் அசையவில்லை. மேற்கே என்றால் மேற்கே இழுத்தேன். நான்தான் அசைந்தேன். முறை தெரியாமல் போய்விட்டது. சாய வேண்டும்! அவள் பக்கம் சாய வேண்டும். "நீ சொன்னதே சரி, நான் ஏறவில்லை" என்று சாய்ந்து கொடுத்தால், அவள் மனசு தானாகவே என் பக்கம் திரும்பும். "ஐயோ பாவம், இவ்வளவு ஆசையை அடக்கிக்கொள்கிறாரே, போய் வரட்டும்" என்பாள். துரை குச்சியைச் சாய்க்கிறார். நான் நாக்கைச் சாய்க்கிறேன். ரொம்ப வித்தியாசமில்லை.

மோர்ப்பானையோடு வந்திருந்த சென்னியம்மாள் காட்டிலேயே கம்பெனிக்காரர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டு நின்றாள். நான் வீட்டுக்கு ஓடி, கட்டிலில் உட்கார்ந்து, எப்படிச் சாய்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் அவள் வந்தாள். என்றைக்கும் இல்லாத சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னு வந்தனுங்க..."

"இரு. மொதல்ல நான் சொல்றேன்" என்று முந்திக்கொண்டேன். "நல்லா யோசிச்சுப் பாத்தேன். நீ சொன்னதுதான் சரி. ஏரோப்பிளேன்ல ஏறக்கூடாது."

அவள் மோர்ப்பானையை இறக்கி வைத்தாள்.

"ஏறலீங்களா?"

"ஏறல. குடும்பஸ்தன் செய்யற காரியமா அது?"

"சரிங்க."

இந்த "சரிங்க" எந்த தினுசு என்று பிடிபடவில்லை. சாய்வு போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன்.

"ஆகாயத்துல என்ன இருக்குது? வெறும் காத்து. அது நம்ம ஊட்டு வாசல்லயே அடிக்குது."

"ஆமாங்க."

"நெனச்சாலே குமட்டுது."

அவள் என்னையே பார்த்தாள். அடுத்து இரக்கம் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"மெய்யாலுமே ஆசை இல்லீங்களா?"

"துளிகூட இல்ல."

"சத்தியமாவா?"

"உங்கண்ணன் மேல ஆணையா!"

"எங்கண்ணன் மேலன்னா நீங்க எத்தனை பொய்ச் சத்தியம் வேணும்னாலும் பண்ணுவீங்க. செல்லாண்டியம்மன் கோயில் வரைக்கும் போயிட்டு வரலாம், வாங்க."

கோயில் பக்கத்தில்தான். போகிற வழியில் எந்த இடத்திலாவது திரும்பிவிடுவாள் என்று நம்பினேன். அவள் திரும்பவில்லை. பூசாரி கண்ணுசாமி கற்பூரம் ஏற்றினார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேலே கோர்ட் கிடையாது. இதோ, கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறாள், இதோ, இதோ என்று மெதுவாகக் கையை இறக்கினேன். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கற்பூரம் அணைந்தது. உள்ளங்கையில் ஒரு கொப்புளம். இந்த ஏரோப்பிளேனில் நான் ஏறமாட்டேன், ஏற ஆசையும் இல்லை என்று சத்தியம் ஆகிவிட்டது.

திரும்பி வரும்போது அவள் சொன்னாள்: "மனசு நெறஞ்சுபோச்சுங்க. நாளைக்கு எந்தச் சேலை கட்டிக்கட்டுங்க?"

"நாளைக்கு என்ன?"

"நம்ம ஊட்டுக்கு ஓட்டம் இனாம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? நீங்க வேண்டாம்னுட்டீங்க. சும்மா கெடைச்சத வீணாக்கறதுங்களா? நான் போயிட்டு வாரேன்."



"ஆபத்துன்னு சொன்னயே!"

"எறங்கத் தெரியாதவங்களுக்குத்தானுங்க ஆபத்து."

மறுநாள் விடிந்ததும் பூசாரியைத் தேடிப் போனேன்.

"கண்ணுசாமி, ஒரு கெடா வெட்டிப்போட்டா நேத்துச் சத்தியம் தீருமா?"

"கெடா எதுக்குங்க சாமி?" என்றார் அவர். "யாரு முன்னால சத்தியம் பண்ணுனீங்களோ அவங்ககிட்டப் போயி, நான் சொன்னது பொய், மன்னிச்சுரு, அப்படின்னு சொல்லுங்க. அவங்க விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா அம்மனும் விட்டுருவா."

கிடா என்றால் சுலபம். இரண்டுகூட வெட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தேன். சென்னியம்மாள் இளம்பிள்ளைத் தறியில் நெய்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் முகம் இப்படி இருக்கவில்லை. அன்றைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், அதனால் இருக்கலாம். வாசலில் கந்தப்பன் வந்து நின்றுகொண்டிருந்தான், வேடிக்கை பார்க்க.

"ஏனுங்க" என்றாள் அவள், மெதுவாக. "போறதுக்கு முன்னால எங்கிட்ட எதாச்சும் சொல்லோணுமுங்களா?"

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் கந்தப்பன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறானே!

"ஒண்ணுமில்ல. மேல காத்து பலமா அடிக்கும். கொண்டையை இறுக்கிக் கட்டிக்க" என்றேன்.

"சரிங்க" என்றாள். இந்த "சரிங்க" ரொம்பச் சின்னதாக இருந்தது.

தெற்குக் காட்டில் கூட்டம் நெரிந்தது. ராத்திரி ஆடு அடைந்த காடு; தீர்த்தகிரி ஏரோப்பிளேன் சக்கரத்தில் ஒட்டியிருந்த புழுக்கையைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான். துரை சென்னியம்மாளுக்குத் தோல் தொப்பி ஒன்றைக் கொடுத்தார். அவள் அதைக் கொண்டைக்கு மேலே மாட்டிக்கொண்டு, சேலையை ஒதுக்கிப் பிடித்து, இறக்கையில் கால் வைத்து ஏறினாள். வரப்பு ஏறுகிற மாதிரி ஏறினாள். எட்டிப் பார்த்தேன். துரை உட்காருகிற இடத்துக்கு முன்னால் இன்னொரு குழி. அதற்குள்ளே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை.

"தீர்த்தகிரி! ரெண்டு பேரு உக்கார எடம் இருக்குதே!"

"ஒரு ஓட்டம்னா ரெண்டு பேருதான், கவுண்டரே. நேத்து மோர் ஊத்தறப்பவே அம்மாகிட்டச் சொன்னேனே. எங்க ஊட்டுக்காரருக்கு எந்தப் பக்கம் உக்காந்தா மலை நல்லாத் தெரியும்னுகூடக் கேட்டாங்க. சீக்கிரம் ஏறுங்க."

கூட்டம் முழுக்க "ஏறுங்க, ஏறுங்க" என்றது. கூட்டத்தில் முதல் வரிசையில் பூசாரி கண்ணுசாமி. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு... அதுல எல்லாம் ஆசை இல்ல" என்றேன். இந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

தீர்த்தகிரி தலையைச் சொறிந்தான். "ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தா துரைக்குப் பிடிக்காது. அந்தப் பக்கமும் கவுண்டர் எடைக்கு ஏதாவது வேணுமே."

"நான் ஏறிக்கட்டுமா?" என்று கந்தப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.



மேலேயிருந்து சென்னியம்மாள் குரல் கொடுத்தாள்: "உங்களுக்கெதுக்குங்க செரமம்? களத்துல கடலை மூட்டை கெடக்குது. ஒண்ணத் தூக்கியாங்க."

தூக்கி வந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து அதை என் இடத்தில் உட்கார வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. கந்தப்பன் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டான். அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

ஏரோப்பிளேன் ஓடியது. எழும்பியது. என் மனைவியும் என் கடலை மூட்டையும் ஆகாயத்தில் போனார்கள்.

கீழே நின்ற நான் என்ன செய்வது? தெரிந்த வித்தையையாவது காட்டுவோம் என்று சத்தமாக ஆரம்பித்தேன். "பாருங்க, இப்பத் துரை குச்சியை இடது பக்கம் சாய்ப்பாரு. அந்தா இடது பலகை தூக்குது! வலது பலகை எறங்குது! இறக்கை சாயுது! அந்தா, திரும்புது!" நான் சொன்ன மாதிரியே திரும்பியது. கூட்டம் என்னை மரியாதையாகப் பார்த்தது. கந்தப்பன்கூட "ஆமா பங்காளி, துடுப்பு இல்ல" என்றான். ஆனால் அது கொல்லிமலைப் பக்கம் சிறுத்துப் போய்ப் பொட்டாக ஆனதும் எனக்கு அந்த வித்தையெல்லாம் மறந்துபோய்விட்டது. ஆசை, பொறாமை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவள் நல்லபடியாக இறங்கி வந்தால் போதும் என்று செல்லாண்டியம்மனை வேண்டிக்கொண்டேன். அம்மனுக்கும் எனக்கும் அப்போது அவ்வளவு பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

பொட்டு பெரிதாகித் திரும்பி வந்தது. எங்கள் வீட்டுக்கு நேர் மேலே வந்ததும் இன்னொரு தடவை சாய்ந்து இன்னொரு வட்டம் போட்டது. அப்புறம் இறங்கியது.

"ஒரு சுத்துத்தானே கணக்கு?" என்று துரையிடம் கேட்கச் சொன்னேன். துரை தீர்த்தகிரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"அம்மா திரும்பிப் பாத்துக் கையை இப்படி ஒரு சுத்துச் சுத்துனாங்களாம். துரையும் சுத்திட்டாராம். ஏன் சுத்துனோம்னு அவருக்கே தெரியலையாம்" என்றான்.

நான் துரையின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அந்த நிமிஷத்தில் அவரைப் போல என்னைப் புரிந்துகொண்டவர் யாருமில்லை.

மாட்டு வண்டியில் வீட்டுக்குக் கிளம்பினோம். வண்டியை நான் ஓட்டினேன். பின்னால் சென்னியம்மாளும், பறந்துவிட்டு வந்த மூட்டையும்.

"எப்புடி இருந்துச்சு?" என்றேன்.

"நல்லா இருந்துச்சுங்க. நீங்க மாத்துன ஓட்டுல மூணு நாலு ஒடஞ்சு கெடக்குது. அதச் சரியாப் பாக்கோணும்னுதான் இன்னொரு சுத்துச் சுத்தச் சொன்னனுங்க."

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ரெண்டு எடம்னு நேத்தே தெரியுமில்ல? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லத்தானுங்க வந்தேன். ரெண்டு பேருமாப் போலாம்னு ஆசையா ஓடியாந்தனுங்க. என்னைச் சொல்ல உட்டாத்தானுங்களே? அதுக்குள்ள நீங்க சாஞ்சுட்டீங்க."

"சாஞ்சுட்டனா?"

"தீர்த்தகிரி பாதி சொன்னதுமே நீங்க ஓடிப்போட்டீங்க. மிச்சத்த நான் கேட்டனுங்க. சாஞ்சா மட்டும் போதாதாம். இடது பக்கம் சாய்க்கறப்ப மூக்கு மொதல்ல எதுத்த பக்கம் இழுக்குமாம். அப்பக் காலால ஒரு அழுத்து அழுத்துனா வால் பலகை திரும்பி மூக்கை நேர்ப்படுத்துமாம். அதோட, சாஞ்ச இறக்கை முன்ன மாதிரி பாரம் தாங்காதாம். குச்சியைச் சித்தப் பின்னால இழுத்துப் புடிக்கோணும். இல்லாட்டிப் போனா சாஞ்சவாக்குல சறுக்கிக்கிட்டே கீழ வந்துருமாம்."

சறுக்கிக் கீழே வந்தவனுக்கு அந்தப் பாடம் விளங்காமல் போகுமா?

"எனக்கு ஆசையே இல்லேன்னு வாய் சாயுது, மூக்கு தெக்காட்டுப் பக்கம் இழுக்குது" என்றாள். "எனக்குத் தெரியாதுங்களா? அதான் காலால ஒரு அழுத்து அழுத்துனனுங்க. கோயில் வரைக்கும் போறதுக்குள்ள உண்மையைச் சொல்லிப்போடுவீங்கன்னு பாத்தேன். காலையில கேட்டும் பாத்தேன்."

"மொதல்ல நீதானே வேண்டாம்னு சொன்னே?"

"நீங்க மட்டும் போறேன்னீங்க. வேண்டாம்னேன். நீயும் வாறயான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. இத்தனை வருஷத்தில் கந்தப்பனுக்கு மேலே போக வேண்டும் என்றுதான் நினைத்தேனே தவிர, இவளோடு போக வேண்டும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. கொப்புளத்தைவிட அது அதிகமாக எரிந்தது.

மனசை அடக்கிக்கொண்டு, பாசமாகவே கேட்டேன்: "அவ்வளவு உசரத்துல தொணைக்கு ஆளில்லாம உனக்குச் சங்கடமா இல்லையா, சென்னி?"

அவள் மூட்டையின் மேலே ஒட்டியிருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் தட்டிவிட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. உங்க எடத்துல இது இருந்துச்சே. ரொம்ப நல்ல தொணைங்க. போயிட்டு வர்ற வரைக்கும் வாயே தொறக்கல."